கடைசிப் பெட்டியின் விளக்கு

மேவிஸ் கட்ஃபோர்த் கையைத் தூக்கினால் ரொட்டி வண்டி நிற்கும். அதன் பின்னால் உருளைக்கிழங்கு டிராக்டர் நிற்கும். அதற்கும் பின்னால் ஊசியும் பஞ்சுமாக வீடு வீடாகப் போகிற நர்ஸான நான், முனகிக்கொண்டே என் பழைய காரை நிறுத்துவேன். மேவிஸ் வலப்பக்கம் பார்ப்பார், இடப்பக்கம் பார்ப்பார், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார். பிறகு கையை இறக்கி "போங்க" என்பார். எங்கள் மார்ல்பி கிராமத்தில் ஒரு காலத்தில் அந்த இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. இப்போது கேட் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. அறுபதுகளில் ரயிலை நிறுத்தியபோதே கேட் கம்பம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நின்று போகிற வழக்கத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

உள்ளூர்க்காரர்கள் பழகிவிட்டோம். வெளியூர் சர்க்கரைக் கிழங்கு லாரிக்காரன் ஒருவன் ஒருமுறை ஹாரனை அடித்துக்கொண்டு நிற்காமல் போனான். அடுத்த வளைவில் இறங்கி, சக்கரங்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன். "எது மேலயோ ஏறி இறங்குச்சுங்க. தடக், தடக்குன்னு ரெண்டு தடவை" என்றான். அந்த இடத்தில் தார் போட்டு வருஷக்கணக்காகிறது. தரை மேஜை போல இருக்கும். அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை, பாவம், இன்னும் வெகுதூரம் ஓட்ட வேண்டியவன்.

மேவிஸ் குள்ளம், அகலம். பித்தளைப் பொத்தான் வைத்த ரயில்வே கோட்டைக் கோடையிலும் கழற்ற மாட்டார். பக்கத்தில் போனால் மண்ணெண்ணெய் வாசனையும் இஞ்சி பிஸ்கட் வாசனையும் சேர்ந்து வரும். ஸ்டேஷன் கட்டடம்தான் அவர் வீடு. பிளாட்பாரத்தில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். பெண்கள் காத்திருப்பு அறையில் கோழிகள் இருக்கின்றன. பிழைப்பு முட்டை விற்பதில். அதையும் டிக்கெட் ஜன்னல் வழியாகத்தான் விற்பார். வாசல் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றால், பலகையைத் தூக்கி, "போகவா, போய்வரவா?" என்று கேட்பார். போய்வர என்றால் காலி முட்டை அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும். நான் எப்போதும் போய்வரதான் வாங்குவேன். திருப்பிக் கொடுக்க மறந்தால் அடுத்த வாரம் பலகை திறக்காது.

அந்தக் கோழிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளாட்பாரத்துக்குக் கீழே, தண்டவாளம் இருந்த பள்ளத்தில், இடுப்பளவு நல்ல புல் இருக்கிறது. புழுவும் இருக்கும். ஒரு கோழிகூட அங்கே இறங்கி நான் பார்த்ததில்லை. விளிம்பு வரைக்கும் வரும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், திரும்பிவிடும்.

மேவிஸும் இறங்க மாட்டார். ஊரில் இருக்கும் ஒரே கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே, பழைய ரயில் பாதைக்கு அந்தப்புறம் இருக்கிறது. கடைக்காரியின் ரேடியோவை மேவிஸ் தன் அடுக்களையில் இருந்தே கேட்பார். ஆனால் ரொட்டி வாங்க வேண்டுமென்றால் காதார்ன் பண்ணை வரைக்கும் நடந்து, மேம்பாலம் ஏறி, அந்தப்பக்கம் இறங்கி, அதே தூரம் திரும்பி நடந்து வருவார். காலில் ஆறாத புண். வாராவாரம் அதற்குக் கட்டுப் போடுகிறவள் நான். நடக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை நான் தொண்டை வறளச் சொல்லியாகிவிட்டது.

"நாலு எட்டு வெச்சா கடை வந்துடும். இந்தக் காலோட எதுக்குப் பாலத்தைச் சுத்தறீங்க?"

"லைன்ல வண்டி இருக்கு கண்ணு."

"எந்த வண்டி?"

"கடைசி வண்டி. போச்சு, இன்னும் போய்ச் சேரலை."

இதைக் கேட்டு ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மேவிஸ் சொல்வதில் ஒரு ஒழுங்கு உண்டு. எங்களுடையது ஒற்றை லைன். இந்த முனையில் மார்ல்பி, அந்த முனையில் ஸ்கிரேன், நடுவே ஆள் அரவமில்லாத ஈரநிலமும் நீண்ட வாய்க்கால்களும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் உள்ளே இருக்கலாம். அந்தக் காலத்தில் மேவிஸ் தன் சிக்னல் கேபினில் இருந்து வண்டியை அனுப்புவார். அது முழுசாகப் போய்ச் சேர்ந்ததும் ஸ்கிரேனில் இருக்கும் சிரில் நோக்ஸ் கம்பி வழியாக மணி அடிப்பார். இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, ஒரு அடி. அந்த மணி வரும் வரைக்கும் லைன் அந்த வண்டிக்குச் சொந்தம். வேறு யாரும் அதில் கால் வைக்கக் கூடாது.

ரயிலை நிறுத்திய நாளில் ஊர் ஜனம் முழுவதும் கடைசி வண்டியில் ஏறிக்கொண்டது. பிளாட்பாரத்தில் பேண்டு வாத்தியம் வாசித்தார்கள். கூட்டத்துக்காக ஒரு பெட்டியைக் கூடுதலாகக் கோத்திருந்தார்கள். மேவிஸ் வண்டியை அனுப்பினார், மணிக்காகக் காத்திருந்தார். மணி வரவில்லை. போனவர்கள் பாட்டும் கூத்துமாக பஸ்ஸில் திரும்பி வந்து, கேபின் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார்கள். அப்போதும் வரவில்லை. மறுநாள் கம்பியை அறுக்க வந்த ஆளை, "மணி வரட்டும், அப்புறம் அறு" என்று கேபின் படியிலேயே மறித்தாராம். அவன் கேபினுக்கு வெளியிலேயே அறுத்துவிட்டுப் போய்விட்டான். ஸ்கிரேனில் சிரில் பேண்டு சத்தத்தில் மயங்கி, மணி அடிக்க மறந்து, குடிக்க பப்புக்குப் போய்விட்டார் என்பது ஊர்ப்பேச்சு. மேவிஸும் அப்படித்தான் நம்பினார். "சோம்பேறி மூதேவி" என்பதுதான் சிரிலுக்கு அவர் வைத்திருந்த பெயர்.

இன்னொரு விஷயத்தை நானே கவனித்தேன். எங்கள் ஊரில் கொஞ்சம் வயசான யாரைக் கேட்டாலும் கடைசி வண்டியில் போனேன் என்பார்கள். அத்தனை பேரும் போயிருந்தால் அந்த வண்டி லண்டன் வரைக்கும் நீண்டிருக்கும். எந்தப் பெட்டி என்று கேட்டால், இன்ஜினுக்கு அடுத்தது, இரண்டாவது, நடுப்பெட்டி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசிப் பெட்டி என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் பழைய ரயில் பாதையை நடைபாதையாக்க முடிவானது. கிராம சபைத் தலைவர் கார்டன் பிஞ்ச்பெக், விதை வியாபாரி, மோசமான மனிதர் இல்லை. அவரே நேரில் சொல்ல வந்தார். நான் அடுக்களையில் மேவிஸின் காலை முக்காலியில் வைத்துக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேவிஸ், திறப்பு விழாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஸ்கிரேன்ல இருந்து நம்ம ஊருக்கு நடந்து வர்றாங்க. பேண்டு உண்டு. உங்க பிளாட்பாரத்துலதான் டீயும் கேக்கும்."

"லைன் காலி ஆகலை. விட மாட்டேன்."

"நீங்க யாரு விடறதுக்கு?"

"கேட் கீப்பர்."

"கேட்டே இல்லையேம்மா!"

"கேட்டைத் தூக்கிட்டுப் போனாங்க. என்னை யாரும் தூக்கிட்டுப் போகலையே."

கார்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்து, என் கார் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "அன்னிக்கு இவங்க சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு பிள்ளைங்களைப் பயமுறுத்தினா, நான் என்ன பண்றது சொல்லுங்க? டாக்டர் கையெழுத்து வாங்கி முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். நீங்க வாராவாரம் பாக்கறவங்க. உங்களைத்தான் கேப்பாங்க."

மேவிஸுக்குப் பைத்தியம் இல்லை. முட்டைக் கணக்கில் ஏமாற்ற முடியாது, பிரதமரைத் திட்டுவதில் என்னை விடத் தெளிவு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அப்படி. அந்த வீட்டை விட்டு அவரைக் கூட்டிப்போனால் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். வண்டி மோதிப் பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்று உண்மையாகவே நம்புகிற ஒரு மனுஷியை, கொடியைக் கீழே போடு என்று எப்படிச் சொல்வது?

சுலபமான வழி ஒன்று தோன்றியது. சிரில் நோக்ஸ் இன்னும் இருக்கிறார். ஸ்கிரேன் முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமைதோறும் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவளும் நான்தான். ஒல்லியான மனிதர், யாரும் வராத அறையில் தினமும் முகம் மழித்து டை கட்டி உட்கார்ந்திருப்பார். அவர் மேவிஸைப் பார்த்து அந்த மூன்று தட்டைத் தட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

"ஏன் சிரில், அன்னிக்கு மறந்துபோன மணியை இப்ப அடிச்சுடுங்களேன்."

"மறந்துட்டேன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நேரா பப்புக்குப் போயிட்டீங்களாம்."

"ஊரு கிடக்கு சிஸ்டர். வண்டி வந்துச்சு. ஜனம் இறங்குச்சு. பாட்டு, கூத்து. நான் கேபின்ல நின்னு பின்பக்கத்தைப் பாத்தேன். விளக்கு இல்ல."

கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் மணி அடிக்கக் கூடாது. விளக்கு இல்லை என்றால், வந்து நிற்பது முழு வண்டி என்று சொல்ல முடியாது. ஒரு பெட்டி கழன்று வழியில் நிற்கலாம். சிரில் இதை என்னிடம் விளக்கவில்லை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம்.

"அன்னிக்குத்தான் ஊரே ஞாபகத்துக்குன்னு வாளி, பலகை, கதவுக் குமிழு எல்லாம் கழட்டிட்டுப் போச்சே. விளக்கையும் எவனாவது கழட்டியிருப்பான்."

"இருக்கலாம். நான் பாக்கலை. பாக்காததை எப்படி அடிப்பேன்?"

"பெட்டியை எண்ணலையா?"

"புகை, கூட்டம்... எண்ணியிருக்கணும்." டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஓடினேன். கடைசி வண்டிதானே, எவனுக்கு என்ன நஷ்டம்னு சிரிச்சுட்டு, கேபினைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிட்டார். மேவிஸ்கிட்ட என்னன்னு சொல்றது? வண்டியில கொஞ்சத்தைக் காணோம்னா?"

"யாரும் காணாமப் போகலையே சிரில்."

"அப்படியா? தேடறதுக்கு ஆளு இருந்தாத்தானே காணாமப் போனது தெரியும்" என்றார். பிறகு கையை நீட்டி, ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டச் சொன்னார். அன்று அவருக்கு அளவு ஏறியிருந்தது. எனக்கும் ஏறியிருக்கும்.

மேவிஸிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். அன்று வண்டி புறப்பட்டபோது பின்னால் விளக்கு இருந்ததா?

"இருந்துச்சு. பனிக்குள்ள போய் மறையற வரைக்கும் பாத்தேன். அதைப் பாக்காம நான் ஜன்னலை மூட மாட்டேன்."

சிரில் சொன்னதைச் சொன்னேன். மேவிஸ் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். அடுப்பில் கரி சரிந்தது. "பாவம் சிரில்" என்றார். "இத்தனை வருஷம் அவனைத் திட்டிட்டேனே. அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்போ அது அங்கேயேதான் நிக்குது" என்றார். எனக்கு அந்த அடுக்களையில் உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், பாதை ஓரத்து வாய்க்காலைத் தூர் வாரிய இயந்திரக்காரன் லென், சேற்றில் ஒரு விளக்கைக் கண்டெடுத்தான். ரயில் விளக்கு. கிடைத்த இடம் இரண்டு ஊருக்கும் நட்டநடு. பப்புக்கு எடுத்து வந்து காட்டினான். தகரம் துருப்பிடித்திருந்தது, சிவப்புக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. "அந்த இடத்துல மெஷினை நிறுத்தினா பேச்சு சத்தம் கேக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "கும்பலா. ரயில்ல உக்காந்து பேசிட்டுப் போற மாதிரி. ஒரு குழந்தை வேற, வந்துட்டோமா வந்துட்டோமான்னு." பியரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். லென் பியரைப் பாதியில் வைப்பவன் இல்லை.

விளக்கை மேவிஸிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்துத் துடைத்தார், திரி மாற்றினார், எண்ணெய் ஊற்றினார். பற்றவைத்ததும் எரிந்தது. அவர் முகத்தில் சிவப்பு விழுந்தது.

"சரி. பிள்ளைங்க நடக்கட்டும்" என்றார். "ஆனா எல்லாருக்கும் கடைசியா வர்றவங்க கையில இது எரியணும். அந்த முனையில சிரில் பாத்து அனுப்பணும். இந்த முனையில நான் பாத்து வாங்கிக்கறேன். விளக்குக்குப் பின்னாடி ஒரு ஈ, காக்கா இருக்கக் கூடாது."

"நானே கடைசியா வர்றேன்" என்றேன். கார்டன் பிஞ்ச்பெக்குக்கு நிம்மதி. விளக்கு ஊர்வலம் என்று நோட்டீஸில்கூடப் போட்டுக்கொண்டார்.

விழா நாள் விடிந்ததிலிருந்தே வெள்ளைப் பனி. ஸ்கிரேன் பிளாட்பாரத்தின் கோடியில் சிரில் சக்கர நாற்காலியில், டை கட்டி, மழித்த முகத்தோடு இருந்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு அவரைக் கடந்தார்கள், பேண்டு கடந்தது, பெற்றோர்கள் கடந்தார்கள். என் கையில் இருந்த விளக்கை அவர் நன்றாகப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்பதையும் பார்த்தார். "போ சிஸ்டர்" என்றார்.

கொஞ்ச தூரத்திலேயே பேண்டைப் பனி விழுங்கிவிட்டது. முரசு மட்டும் எங்கேயோ கேட்டது. எனக்கு முன்னால் ஒரு தாய் மட்டும் போய்க்கொண்டிருந்தாள், அவள் தோளில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். விளக்கு கிடைத்த இடம் தாண்டியதும் பின்னால் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. தாமதமாக வந்தவர்கள் என்று நினைத்து, "விளக்கைத் தாண்டி முன்னாடி போங்க, யாரும் பின்னாடி வரக் கூடாது" என்று குரல் கொடுத்தேன். யாரும் முந்தவில்லை. சத்தம் நின்றுவிடவும் இல்லை. முணுமுணுவென்று பேச்சு கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. காற்றே இல்லை, ஆனாலும் திரியின் சுடர் முன்பக்கம் சாய்ந்து எரிந்தது, பின்னால் இருந்து யாரோ ஊதுவதைப் போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிணங்களைக் குளிப்பாட்டிப் பழகியவள்தான். ஆனாலும் பயந்தேன், பயந்துகொண்டேதான் நடந்தேன்.

மார்ல்பியில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. மேவிஸ் பாதையின் விளிம்பில், ரயில்வே கோட்டில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சாலையில் ரொட்டி வண்டி நின்றது. பிள்ளைகள் எல்லாம் பிளாட்பாரத்தில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் போன தாயும் ஏறிவிட்டாள். எல்லோரும் வந்தாகிவிட்டது. கார்டன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோழிகள் மட்டும் பிளாட்பாரத்தின் விளிம்பில் வரிசையாக நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

விளக்கைத் தூக்கிக் காட்டினேன். "மேவிஸ், நான்தான் கடைசி. பாத்துக்கோங்க. இப்ப மணி அடிக்கலாம்."

அவர் விளக்கைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. வெகுநாள் வராத உறவினர் வண்டியை விட்டு இறங்கும்போது பார்க்கிற முகம் அது.

"குடு கண்ணு" என்று விளக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நான் கட்டுப் போட்ட அந்தக் காலை முதலில் எடுத்துவைத்து, பாதையில் இறங்கினார். மேவிஸ் என்னைக் கடந்து, நான் வந்த வழியே நடந்தார். இடது கையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, தோள் உயரத்தில் வைத்திருந்தார். சுவரோரம் நடக்கிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல அந்த உள்ளங்கை ஒரே மட்டத்தில் நகர்ந்துகொண்டே போனது. ஒரு பெட்டியின் நீளம் நடந்தார். அங்கே நின்று, திரும்பி, குனிந்து, விளக்கைத் தரையில் வைத்தார். சிவப்பு எரிவதை நிமிர்ந்து நின்று ஒருமுறை பார்த்தார்.

பிறகு திரும்பி வந்து, கேட் இருந்த பழைய கம்பத்தை விரல் முட்டியால் தட்டினார். இரண்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று.